சிவப்பு விளக்கு சொல்லும் சேதி



சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாலைக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அன்பர் ஒருவர் என்னைத் தடுத்து நிறுத்தினார். "இந்தக் கோடைக்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை. காரிலேயே ஊருக்குப் புறப்படுகிறோம். வண்டியில் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் பகுதியில் எழுதக் கூடாதா?" என்று கேட்டார். டயரில் காற்று, பிரேக், எண்ணெய், ரேடியேட்டரில் தண்ணீர் ஆகியவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள். அவற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எவரும் பாராத உறுப்பு ஒன்று உண்டு. இயந்திரத்தின் பக்கத்தில், ஒரு தேங்காய் அளவில், பெல்ட்டால் சுற்றப்பட்டுக் கிடக்கும் அதற்கு ஆல்டர்னேட்டர் என்று பெயர். அது முன்னறிவிப்பின்றிச் சாவது அரிது. பல வாரங்களுக்கு முன்பே அறிகுறி காட்டும். அக்குறிகளை அறியாமையால் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிட்டு, பின்பு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறேன்.

நான் தொழில் தெரிந்த மெக்கானிக் அல்லேன். வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். மும்பையில் நாற்பதாண்டு வாழ்ந்தும், உறவினர் வீட்டுத் திருமணம் என்றால் கால் தானாகவே தெற்கு நோக்கித் திரும்பும். சில ஆண்டுகளுக்கு முன் வைகாசியில் நெல்லையில் ஒரு திருமணம். என் தாயாருக்கு அப்போது 78 வயது. ரயிலின் மேல்படுக்கையும் கூட்டமும் அவருக்கு ஒவ்வா என்று எண்ணி, மனைவியும் நானும் அவரைக் காரில் அழைத்துச் செல்லத் துணிந்தோம். புணே, சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, தாவணகெரே, சித்திரதுர்க்கம், தும்கூர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம்மவர்களுக்குக் கையின் ரேகைபோலப் பழகியதுதானே!

புறப்படுவதற்கு இரண்டு திங்களுக்கு முன்பிருந்தே வண்டி காலையில் கிளம்பச் சோம்பியது. சாவியைத் திருப்பினால் இயந்திரம் முனகியது. நான் அறிந்த கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "பேட்டரி போய்விட்டது" என்றார். புதிய பேட்டரி மாற்றினேன். நான்கைந்து வாரம் வண்டி நன்றாகக் கிளம்பியது. இரவில் சிக்னலில் நிற்கும்போது முன்விளக்கு மங்குவதையும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மீண்டும் பிரகாசிப்பதையும் நான் பார்க்காமல் இல்லை. ஆயினும் பொருட்படுத்தவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வண்டி ஓட்டப் பழகியது டைனமோ பூட்டிய ஒரு பழைய பியட் காரில். அவ்வண்டியில் சிக்னலில் விளக்கு மங்குவது அன்றாட வழக்கம். "கார் என்றால் இப்படித்தான்" என்று மனத்தில் பதிந்துவிட்டது.

கோலாப்பூரைத் தாண்டும்போது முகப்புப் பலகையில் பேட்டரி வடிவில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் அணைந்துவிட்டது. புதிய பேட்டரி இருக்க என்ன பயம் என்று மேலே சென்றேன். தாவணகெரேயைக் கடந்தபோது பொழுது சாய்ந்தது. விளக்கைப் போட்டேன். சிறிது தொலைவில் ஏசியின் காற்று மெலிந்தது. ஸ்டியரிங் கல்லைப்போல் கனத்தது. முகப்புப் பலகையில் தீபாவளிபோல் எல்லா விளக்குகளும் ஒருங்கே எரிந்தன. முன்விளக்கு அகல்விளக்காயிற்று. இயந்திரம் இருமுறை திணறி நின்றுவிட்டது. வண்டியை எப்படியோ இடப்புற ஓரத்துக்கு ஒதுக்கினேன். எச்சரிக்கை விளக்கைப் போட விரும்பினேன்; அதுவும் எரியவில்லை.

நேயர்களே, அந்த இருளை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. பின்னால் வந்த பேருந்து ஒன்று கடைசி நொடியில் எங்களைக் கண்டு, ஒலியெழுப்பி, முழங்கை அளவு இடைவெளியில் விலகிப் போயிற்று. அதன் காற்றில் எங்கள் வண்டி ஆடியது. தாயாரைக் கைத்தாங்கலாக இறக்கி, சாலையோரத் தடுப்புக்கு அப்பால் ஒரு கல்லில் அமர்த்தினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. என் கையை மட்டும் விடவில்லை.

அவ்வேளையில் நாமக்கல் பதிவெண் தாங்கிய லாரி ஒன்று எங்களுக்குப் பின்னால் வந்து, விளக்குகள் மின்ன நின்றது. ஓட்டுநர் இறங்கியதும் முதலில் தம்முடைய சிவப்பு முக்கோணத்தை எடுத்துப் பின்னால் நெடுந்தொலைவு நடந்து சென்று வைத்துவிட்டு வந்தார். பிறகுதான், "என்னாச்சுங்க சார்?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். "பேட்டரி புதுசுதாங்க, இரண்டு மாசம்கூட ஆகலை" என்றும் சேர்த்தேன்.

"புதுசு மாத்தியும் நிக்குதுன்னா தப்பு பேட்டரியில இல்லீங்க. டைனமோ சார்ஜ் ஏத்தலீங்க. சிவப்பு லைட்டு வந்துச்சுங்களா?"

"கோலாப்பூரில் வந்து போயிற்று."

"அங்கயே நின்னிருக்கோணுமுங்க சார்."

லாரியிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்ப முடியுமா என்று கேட்டேன். "என்னோடது 24 வோல்ட்டுங்க. உங்களுது 12. குடுத்தா உள்ள இருக்கற கம்ப்யூட்டர் எல்லாம் போயிரும்" என்று மறுத்துவிட்டார். நெடுஞ்சாலை உதவிக்கான 1033 எண்ணைச் சொல்லி அழைக்கச் செய்து, மீட்பு வண்டி வரும்வரை எங்களோடு நின்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை என்பது இன்றும் என் நெஞ்சில் முள்.

சம்பளமும் சேமிப்பும்

மறுநாள் காலை சித்திரதுர்க்கத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆல்டர்னேட்டரைக் கழற்றி எனக்குக் காட்டினார். உள்ளே சுழலும் ரோட்டருக்கு மின்சாரம் ஊட்டும் கார்பன் பிரஷ்கள் இரண்டும் தேய்ந்து துண்டுப் பென்சில்போல் ஆகியிருந்தன. தொட்டபோது மின்சாரம் உண்டு, விட்டபோது இல்லை. வண்டி குலுங்கினால் விளக்கு அணைந்ததும், கோலாப்பூரிலிருந்து அத்தனை தொலைவு ஓடியதும் அதனால்தான். கார்பனையும் பேரிங்கையும் மாற்றினார். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. மும்பையில் நான் எடுத்தெறிந்த பழைய பேட்டரியில் ஒருகால் குறையே இருந்திராது என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

இதன் தத்துவத்தை நம்மவர் குடும்பக் கணக்கிலேயே விளக்கிவிடலாம். பேட்டரி என்பது சேமிப்பு. ஆல்டர்னேட்டர் என்பது மாதச் சம்பளம். வண்டியைக் கிளப்பும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டுமே பேட்டரி பெரும் செலவு செய்கிறது. இயந்திரம் ஓடத் தொடங்கியபின் விளக்கு, விசிறி, ஹாரன், கணினி, எரிபொருள் பம்பு ஆகிய எல்லாச் செலவையும் ஆல்டர்னேட்டர் ஏற்று, எடுத்த சேமிப்பையும் திருப்பிக் கட்டுகிறது. சம்பளம் நின்றுபோன வீட்டில் மறுநாளே அடுப்பு அணைந்துவிடுவதில்லை. சேமிப்பில் சில நாள் வாழ்க்கை நடக்கும். அண்டை வீட்டாருக்கும் தெரியாது. பின்பு ஒருநாள் எல்லாம் ஒருங்கே நிற்கும். வண்டியும் அப்படியே. சேமிப்புக் கரைந்ததைக் கண்டு பேட்டரியைப் பழிக்கிறோம். சம்பளம் வருகிறதா என்று கேட்பதில்லை.

அந்தச் சேமிப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் கணக்கிடலாம். சிறிய கார்களில் 35 ஆம்பியர்-மணி அளவுள்ள பேட்டரி வழக்கம். 55 வாட் முன்விளக்கு இரண்டும் எரிந்தால் அவை மட்டும் ஏறத்தாழ 9 ஆம்பியர் உண்ணும். எரிபொருள் பம்பும் தீப்பொறியும் கணினியும் ஏறக்குறைய அதே அளவு கேட்கும். ஏசியும் விசிறிகளும் சேர்ந்தால் செலவு இருமடங்காகும். ஆகவே இரவில் ஏசியோடு சென்றால் ஒரு மணி நேரம்கூட முழுதாக நிற்காது. பகலில், ஏசியை நிறுத்திச் சென்றால் சற்று நீளும். அவ்வளவே.

டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது

காந்தப்புலத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையே அசைவு இருந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831-இல் மைக்கேல் பாரடே கண்டார். பழைய டைனமோவும் இன்றைய ஆல்டர்னேட்டரும் அந்த ஒரே உண்மையில் பிறந்த உடன்பிறப்புகள். டைனமோவுக்கு ஒரு பெருங்குறை: இயந்திரம் மெல்ல ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது. ஆல்டர்னேட்டர் மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்கி, அதனை டயோடுகளால் நேர்திசையாக்கித் தருகிறது. சிலிக்கன் டயோடுகள் மலிந்த பின்னரே இது கார்களுக்குள் நுழைய முடிந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் தன்னுடைய 1960-ஆம் ஆண்டு வேலியன்ட் காரில் இதனை எல்லா வண்டிக்கும் உரிய உறுப்பாக வைத்தது. நம் நாட்டில் அம்பாசிடர், பியட் ஆகியவற்றின் பழைய வண்டிகள் டைனமோவோடு நெடுநாள் ஓடின. கார்களுக்கான மின் உறுப்புகளை இந்தியாவிலேயே செய்யும் லூக்காஸ்-டி.வி.எஸ். நிறுவனம் 1961-இல் சென்னையில் தோன்றியது. பாடியில் உள்ள அதன் ஆலையை நம்மவர் பலர் அறிவர்.

இவ்வரலாற்றை ஒரு காரணம் பற்றியே சொன்னேன். இன்றைய வண்டியில் டைனமோ இல்லை. ஆனால் பெயர் மட்டும் போகவில்லை. மும்பையிலும் தில்லியிலும் கராஜில் "ஆல்டர்னேட்டர்" என்று சொன்னால் சிலர் விழிப்பார்கள். "டைனமோ" என்றால் உடனே புரியும். பெயரோடு பழைய பழக்கங்களும் தங்கிவிட்டன. அன்றைக்கு இயல்பாயிருந்த ஒன்று இன்றைக்கு நோய்க்குறி. அன்றைக்கு நன்மருந்தாயிருந்த ஒன்று இன்றைக்கு நஞ்சு. அவ்விரண்டையும் கீழே காண்க.

கண் காணும் குறிகள்

முதற்குறி அந்தச் சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். இயந்திரம் கிளம்பியதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தாலும், சிமிட்டினாலும், மங்கலாகக் கனன்றாலும் "சம்பளம் வரவில்லை" என்று பொருள். பேட்டரியின் படம் போட்டிருப்பதால் பலரும் பேட்டரியின் குறை என மயங்குகிறார்கள். சாவியைத் திருப்பும்போதே அது எரியாவிட்டால் அதுவும் நல்லதன்று. விளக்கு பழுதாகியிருக்கலாம், அப்படியானால் ஆபத்து வரும்போது எச்சரிக்க ஆள் இராது. ஊருக்குப் புறப்படும் அன்று காலையில் அரை நிமிடம் இதனைக் கவனித்தல் நன்று.

இரண்டாவது, முன்விளக்கின் ஒளி. நின்ற நிலையில் மங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிரகாசிப்பது டைனமோ வண்டியில் இயல்பு. இன்றைய வண்டியில் நோய். இதற்கு நேர்மாறாக, விளக்கு அளவுக்கு மீறிப் பளிச்சிட்டு, பல்புகள் அடிக்கடி பழுதானால், மின்னழுத்தத்தை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் கெட்டு, மின்சாரம் மிகுதியாகப் பாய்கிறது என்று அறிக. சம்பளம் வராமை ஒரு துன்பம். கரைமீறி வருவதும் துன்பமே. அவ்வாறு மிகுந்தால் பேட்டரி சூடேறி, பக்கங்கள் புடைத்து, நீர் விரைவில் வற்றும்.

மூன்றாவது, சோம்பல். கண்ணாடிகள் ஏற இறங்கத் தயங்குதல், மழை துடைப்பான் மெல்ல அசைதல், ஹாரன் கம்முதல், ஏசியின் காற்று மெலிதல், மின்சார ஸ்டியரிங் கனத்தல் ஆகியவை யாவும் ஒரே நோயின் பல முகங்கள். தொடர்பற்ற பல எச்சரிக்கை விளக்குகள் ஒருங்கே எரிந்தாலும், பல உறுப்புகள் ஒரே நாளில் கெட்டுவிட்டன என்று அஞ்ச வேண்டா. மின்னழுத்தம் வீழ்ந்ததும் கணினிகள் குழம்பி அவ்வாறு காட்டும். அந்நிலை வந்துவிட்டால் வண்டி நிற்கச் சிறிது நேரமே உண்டு.

நான்காவது, காலையில் கிளம்பத் தயக்கம். புதிய பேட்டரி போட்ட சில வாரங்களிலேயே இது திரும்பினால், இரண்டாவது பேட்டரிக்குப் பணம் எண்ணாதீர்கள்.

காதும் மூக்கும் அறியும் குறிகள்

வண்டியைக் கிளப்பியதும், அல்லது விளக்கும் ஏசியும் ஒருங்கே போட்டதும், "கிரீச்" என்று ஓர் ஓலம் எழுந்து அடங்கினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. சுமை கூடும்போது ஆல்டர்னேட்டர் சுழலக் கடினமாகிறது. தளர்ந்த பெல்ட் அதனை இழுக்க இயலாமல் அலறுகிறது. பெல்ட்டை இறுக்கினாலோ மாற்றினாலோ தீரும் எளிய குறை இது. மும்பை மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய சாலையில் சென்றபின் சிறிது நேரம் கத்துவதும் உண்டு. காய்ந்தபின்னும் கத்தினால் கவனிக்க வேண்டும். அரிசி களையும்போது கல் உரசுவதுபோல் கரகரவென்ற ஓசை வந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. வண்டியின் வேகத்துக்கேற்ப ரேடியோவில் ஊளை ஏறி இறங்கினால் டயோடு ஒன்று பழுதாயிருக்கக் கூடும். கெட்ட டயோடு இன்னொரு தீங்கும் செய்யும்: வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து மின்சாரத்தை இரவெல்லாம் கசிய விடும்.

ரப்பர் தீயும் நாற்றம் பெல்ட்டைச் சொல்லும். மின்கம்பி தீயும் காரநெடி சுருள் வேகிறது என்று சொல்லும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி அளவு மீறிக் கொதிக்கிறது. உடனே வண்டியை நிறுத்தி, அருகில் நெருப்புக் கொண்டுபோகாமல் விலகி நிற்க வேண்டும்.

ஐயம் தீர்க்கும் சோதனை

பேட்டரியா, ஆல்டர்னேட்டரா என்ற வழக்கைத் தீர்க்க நீதிபதி ஒருவர் உண்டு. மல்ட்டிமீட்டர் என்னும் சிறு கருவி அது. மின்பொருள் கடைகளில் எளிதில் கிடைக்கும். நேர்திசை வோல்ட்டில் வைத்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். இரவு முழுதும் ஓய்ந்த பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி வெறுமை. 12-க்குக் கீழே இறங்கினால் வற்றியதற்கு ஒப்பு. பின்பு வண்டியைக் கிளப்பி மீண்டும் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை ஏறினால் சம்பளம் வருகிறது. முன்விளக்கு, ஏசி, விசிறி எல்லாவற்றையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சிறிது மிதித்து மறுமுறை பாருங்கள். அப்போதும் 13-க்குக் கீழே போகலாகாது. இயந்திரம் ஓடியும் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே இருந்தால் ஆல்டர்னேட்டரோ, பெல்ட்டோ, இடையிலுள்ள கம்பியோ கெட்டது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரின் குறை.

ஒரு விதிவிலக்கையும் குறித்துக்கொள்க. அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் எரிபொருளைச் சிக்கனப்படுத்தக் கணினியே வோல்ட்டை வேண்டுமென்று ஏற்றி இறக்கும். அவ்வண்டிகளில் ஒருமுறை பார்த்துத் தீர்ப்பு வழங்காமல், விளக்குகளைப் போட்டுச் சிறிது நேரம் கவனித்து முடிவு செய்க. அல்லது அதற்குரிய கருவியுள்ள பட்டறையில் காட்டுக. முழுதும் மின்சாரத்தில் ஓடும் கார்களுக்கோ ஆல்டர்னேட்டரே இல்லை. பெரிய மின்கலத்திலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் வேறோர் உறுப்பு அங்கே உண்டு.

மீட்டர் இல்லாத இடத்தில் மற்றொரு வழி. வேறொரு காரிலிருந்து வயர் கொடுத்து வண்டியைக் கிளப்பி, வயரை எடுத்தபின் சில நிமிடத்தில் மங்கி நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டர். பகலெல்லாம் செம்மையாக ஓடி மறுநாள் காலையில் மட்டும் மறுத்தால் பேட்டரியோ, இரவுக் கசிவோ.

இனி நஞ்சாகிப் போன பழைய மருந்தைச் சொல்கிறேன். இயந்திரம் ஓடும்போதே பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றிப் பார்ப்பது டைனமோ காலத்துச் சோதனை. வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நலம் என்பார்கள். இன்றும் சாலையோரப் பட்டறைகளில் சிலர் இதனைச் செய்வதைக் கண்டிருக்கிறேன். ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிக் கழற்றினால் மின்னழுத்தம் ஒரு நொடியில் பாய்ந்தெழுந்து டயோடுகளையும் கணினியையும் பொசுக்கிவிடக் கூடும். யார் கை வைத்தாலும், "பாயி, அது வேண்டாம்; மீட்டர் வைத்துப் பாருங்கள்" என்று தயங்காமல் தடுத்துவிடுங்கள். இந்தி சரளமாக வராதவர்களும் இந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொள்வது நலம்.

வழியில் விளக்கு எரிந்தால்

நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தால் என் போல் துணிந்து செல்லாதீர்கள். முதலில் வெப்பமானியைப் பாருங்கள். சில வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றும். பெல்ட் அறுந்திருந்தால் இயந்திரம் கொதித்து உருகிவிடும். ஆகவே வெப்பம் ஏறினால் அங்கேயே நிறுத்த வேண்டும். வெப்பம் சரியாயிருந்தால் ஏசி, ரேடியோ, கைப்பேசி மின்னேற்றம் ஆகிய செலவுகளை நிறுத்திவிட்டு, பகல் வெளிச்சம் இருக்கும்போதே அருகிலுள்ள ஊரின் பட்டறைக்குச் செல்லுங்கள். வழியில் தேநீருக்காக இயந்திரத்தை அணைக்காதீர்கள்; அணைத்தால் மீண்டும் கிளம்பாமல் போகலாம். இருட்டிவிட்டால் விளக்கை அணைத்து ஓட்டிப் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் எண்ணமே வேண்டா. பேட்டரி மிஞ்சுவதைவிட ஆள் மிஞ்சுவது பெரிது.

நின்றுவிட்டால் இடப்புற ஓரத்துக்கு ஒதுக்கி, சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் குறைந்தது 50 மீட்டர் தள்ளி வையுங்கள். எல்லோரையும் இடப்பக்கமாக இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். வண்டிக்குள் அமர்ந்திருப்பது பாதுகாப்பன்று. பேட்டரியை நம்பாத கைவிளக்கு ஒன்று வண்டியில் எப்போதும் இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033, எவ்விடத்திலும் ஆபத்துக்கு 112.

புறப்படுமுன் பட்டறையில் பெல்ட்டின் இறுக்கத்தையும் வெடிப்பையும், பேட்டரி முனைகளில் பூத்த வெண்பூஞ்சையையும், வோல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டர் பழுதென்றால் "முழுதும் மாற்ற வேண்டுமா, கார்பனும் பேரிங்கும் போதுமா?" என்று கேளுங்கள். பல வேளைகளில் சிறு உறுப்பு மாற்றினாலே போதும். கழற்றிய பழைய உறுப்பைக் கண்ணால் பார்த்து வாங்கிக்கொள்வதில் வெட்கம் வேண்டா.

சித்திரதுர்க்கத்தில் வண்டி செம்மையாகிப் புறப்பட்டபோது, மலைமேல் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. முந்தைய இரவு முழுதும் வாய் திறவாத என் தாயார் அப்போதுதான் பேசினார். "ஏண்டா, ஊர்ல குத்துவிளக்கு மங்கினா நான் என்ன பண்ணுவேன்? எண்ணெய் இருக்கான்னுதானே பாப்பேன். நீ விளக்கையே மாத்திட்டு வந்தியாக்கும்!" என்றார். மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்றுமுதல் சாவியைத் திருப்பும்போதெல்லாம் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்த பிறகே கியரைப் போடுகிறேன். திருமணத்துக்கு முகூர்த்த வேளையில் போய்ச் சேரவில்லை. மாலை நலங்குக்குப் போய்ச் சேர்ந்தோம். மூவருமாகப் போய்ச் சேர்ந்தோம் என்பதே பெரிது.

இக்கோடையில் தென்திசை நோக்கிப் புறப்படும் நேயர்கள் யாவரும் நலமே சென்று நலமே மீள்க. வழியில் இதுபோன்ற அனுபவம் எய்தியவர்கள் சங்க முகவரிக்கு எழுதினால், பிறருக்குப் பயன்படும்படி இப்பகுதியில் வெளியிடுவோம். அடுத்த திங்கள், மழைக்காலத்துக்கு முன் வீட்டு மின்இணைப்புகளைச் சரிபார்க்கும் முறை பற்றி உரையாடுவோம்.